பழைய மூங்கில் தூண்டில் கம்பு: இங்கயே ரிப்பேர் பண்ணுறதா, வெளிநாட்டுக்கு அனுப்புறதா, அப்படியே வைக்கிறதா?

நம்ம மலையகத்துல பழைய பங்களாவுல இருந்து வந்த மூங்கில் தூண்டில் கம்பு வச்சிருக்குற குடும்பங்க இன்னும் இருக்கு. 1880கள்ல வெள்ளைக்காரங்க ட்ரவுட் மீன நுவரெலியா பக்கத்து ஓடைகளுக்கு கொண்டாந்து விட்டாங்க, மீனோட சேர்ந்து கம்பு, ரீல், ஃப்ளை (பூச்சி மாதிரி செஞ்ச தூண்டில் முள்ளு) பெட்டி எல்லாம் கப்பல் ஏறி வந்துச்சு. அப்புறம் 1972லயும் 1975லயும் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்து தோட்டங்க அரசாங்கத்து கைக்கு போனப்ப தொரமாருங்க பெட்டிய கட்டிக்கிட்டு ஊருக்கு போனாங்க, போறப்ப சிலது பங்களா அப்பு கையில, சிலது டிரைவர் கையில, சிலது ஸ்டோர் ரூம் மூலையில நின்னு போச்சு. இப்ப பேரப்புள்ளைங்க அத துணிப்பையில இருந்து உருவி எடுத்து "இத என்ன பண்ணலாம்"னு கேக்குறாங்க. நுனி ஒடிஞ்சிருக்கும், துண்டுங்க சேருற பித்தளை மூட்டு லொடலொடன்னு ஆடும், லைன் (தூண்டில் கயிறு) ஓடுற வளையத்த கம்புல கட்டுன நூலெல்லாம் பிரிஞ்சு தொங்கும். இந்த கேள்விக்கு எல்லாருக்கும் ஒரே பதில் கெடையாது, ஆனா தப்பான பதில் நெறைய இருக்கு, அதனாலதான் ஒவ்வொரு வழியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்து எழுதுறேன்.

மொதல்ல கையில இருக்குறது என்னன்னு தெரியணும், அது தெரியாம எந்த முடிவும் எடுக்காதீங்க. ஒடிஞ்ச எடத்த லென்ஸ் வச்சு பாருங்க, ஆறு முக்கோணப் பட்டை நடுவுல சந்திக்கிற மாதிரி கோடு தெரிஞ்சா அது ஸ்ப்ளிட் கேன், அதாவது மூங்கில ஆறா பொளந்து சீவி ஒட்டுனது, வெளிய ஆறு முகம் இருக்கும். கோடே இல்லாம முழு மரமா, உருண்டையா, கணு இல்லாம இருந்தா அது கிரீன்ஹார்ட்ங்கிற மரக்கம்பு, அதுக்கு இங்க சொல்லுறது பாதிக்கு மேல பொருந்தாது. அடித்துண்டுல ஹார்டின்னும் பலகோனான்னும் எழுத்து தெரிஞ்சா அது இங்கிலாந்து அல்னிக் ஊர்ல 1872ல தொடங்குன கம்பெனியோட கம்பு, பலகோனாங்கிறது அவங்க ஸ்ப்ளிட் கேனுக்கு வச்ச பேரு. மில்வார்ட், ஆல்காக் ரெண்டும் ரெடிச் ஊரு. ஷார்ப்ஸ்னு இருந்தா ஸ்கொட்லாந்து அபர்டீன், அவங்க கம்புல முக்காவாசி மூங்கிலுக்குள்ளயே ரெசின் ஏத்துனது, அது மேல வார்னிஷ் அடிக்கவே தேவையில்ல, தெரியாம சொரண்டி வார்னிஷ் பூசிராதீங்க. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் ஜப்பான்ல செஞ்சு மரப்பெட்டியில போட்டு வித்த கம்பும் சுத்துது, பெட்டி அழகா இருக்கும், உள்ள ஃப்ளை எல்லாம் அடுக்கியிருக்கும், ஆனா கம்பு சாதாரணம்தான், அதுக்கு வெளிநாட்டுச் செலவு பண்ணுறது வேஸ்ட், கை பழகிக்கிறதுக்கு நல்லது.

இப்ப வழிங்க. சும்மா வச்சிக்கிறது ஒண்ணு, இங்கிலாந்துல இதே தொழிலா இருக்குற ஆளுக்கு அனுப்புறது ஒண்ணு, நம்ம ஊர் வேலைக்காரங்கள வச்சும் நம்ம கையாலயும் செய்யுறது ஒண்ணு, நுனிய மட்டும் புதுசா வாங்கி போடுறது இன்னொண்ணு. எந்த வழியா இருந்தாலும் நான் பாக்குறது ஒரே விஷயம்தான்: நாளைக்கு இத விட கைதேர்ந்த ஒருத்தர் வந்தா, நாம பண்ணுனத கம்பு கெடாம கழட்டி எடுக்க முடியணும். ரொம்ப ஸ்ட்ராங்கான ரிப்பேர்தான் நல்ல ரிப்பேர்னு நெனைக்கிறவங்க இந்த கம்பு விஷயத்துல நெறைய சேதம் பண்ணிட்டாங்க.

சும்மா வச்சிக்கிறது மோசமான முடிவு இல்ல. எழுத்து, நூல் சுத்து, மூட்டு எல்லாம் ஒரிஜினலா இருக்கு, மீன் புடிக்கிற ஐடியாவும் இல்லைன்னா தொடாம வைக்கிறதுதான் சரி. ஆனா தொடாம வைக்கிறதுன்னா மறந்துட்டு வைக்கிறது இல்ல. நம்ம ஊர் ஈரம் உங்களுக்கே தெரியும், மழைக்காலத்துல அலமாரிக்குள்ள செருப்பே பூஞ்சை புடிக்கும். போருக்கு முந்துன கம்புல பெரும்பாலும் மிருகத் தோல்ல காச்சுன பசைதான், அந்தப் பசைக்கு ஈரமும் சூடும் ரெண்டுமே ஆகாது. நைலோன் பையில சுத்தி கட்டி வைக்காதீங்க, சுவத்துல சாச்சு நிறுத்தாதீங்க, சாச்சு வச்சா வளைஞ்சு அப்படியே நின்னுரும். படுக்க வைங்க, மூணு எடத்துல முட்டுக் கொடுங்க. பங்களா மாதிரி நெருப்புக் கூடு இருக்குற வீட்டுல அதுக்கு மேல மாட்டுறது பாக்க நல்லாதான் இருக்கும், பசை போயிரும்.

வெளிநாட்டுக்கு அனுப்புறதோட நல்லது என்னன்னா, அந்த ஆளுங்க கிட்ட பழைய கம்பெனி அளவு இருக்கும், அதே கலர் பட்டு நூல் இருக்கும், உடைஞ்ச கம்புல இருந்து கழட்டி வச்ச பழைய வளையம், மூட்டு எல்லாம் இருக்கும், வேலை முடிஞ்சா எது புதுசுன்னு கண்டுபுடிக்க முடியாது. கெட்டது காசு. 2022 தொடக்கத்துல டொலர் 200 ரூபா பக்கம் இருந்துச்சு, அந்த வருஷமே 360 பக்கம் போயிருச்சு, பவுணும் அப்படியேதான் ஏறுச்சு, ரிப்பேர் கூலியோட போக வர பார்சல் செலவு, இன்சூரன்ஸ், திரும்பி வர்றப்ப கஸ்டம்ஸ்ல இது நம்ம பழைய சாமான்தான் புதுசா வாங்கல்லன்னு காட்டுறதுக்கு அனுப்புன பேப்பர் எல்லாம் பத்திரமா வைக்கிறது, இது அத்தனையும் கூட்டிப் பாருங்க. பேர் போன கம்பெனி கம்பு, மூணு துண்டும் முழுசா இருக்கு, பின்னாடி விக்கிற எண்ணமும் இருக்குன்னா இந்த வழி ஞாயம். மீன் புடிக்க மட்டும் வேணும்னா எனக்கு இது சரியா படல.

நம்ம ஊர்லயே செய்யுறதுக்கு நீங்க நெனைக்கிறத விட நல்ல ஆளுங்க இருக்காங்க, யார்கிட்ட எந்த வேலைய குடுக்கணும்னு தெரிஞ்சா போதும். தேயிலை பேக்டரி பிட்டர் அண்ணன்மாருங்க லேத்துல பித்தளைய நூல் கணக்குல கடைஞ்சு தருவாங்க. நகை செய்யுற பத்தர் கிட்ட அரக்கு இருக்கு, சின்ன விளக்கு இருக்கு, மெல்லிசு பற்றவைப்பு தெரியும். தச்சு பாஸ்மாருங்க சாய்வு வெட்டு ஒட்டு நல்லா போடுவாங்க, ஆனா அவங்களுக்கு மூங்கில் கம்பு புதுசு, பலமா நிக்கட்டும்னு ஆணியோ ஸ்குரூவோ எறக்கிருவாங்க, அதனால பக்கத்துலயே நின்னு "பாஸ், ஓட்டை போட வேணாம், மேல் தோல சீவ வேணாம்"னு மொதல்லயே சொல்லிருங்க. மூங்கிலோட சத்து முழுக்க அந்த மேல் தோலுக்கு அடியில இருக்குற நார்லதான், உள்ள போகப் போக சோத்தி. மேல ஒரு மில்லிமீட்டர் சீவுனா கம்போட பலத்துல பெரிய பங்கு குப்பைக்கு போயிரும்.

இனி கோளாறு கோளாறா பாப்போம்.

மூட்டு, அதாவது ஃபெரூல். இதுல ரெண்டு விதமான ஆட்டம் இருக்கு, ரெண்டையும் போட்டு கொழப்பிக்காதீங்க. கம்ப ஆட்டுறப்ப டிக் டிக்குன்னு சத்தம் வந்தா உலோகம் மூங்கில விட்டு கழண்டிருக்கு, அது லேசான வேலை. குறுக்க சின்ன ஊசி அடிச்சிருக்கான்னு மொதல்ல பாருங்க, பழைய கம்புல நெறைய இருக்கும், அத தட்டி எடுக்காம இழுத்தா மூங்கில் கிழிஞ்சிரும். அப்புறம் ஸ்பிரிட் விளக்குல உலோகத்த மட்டும் லேசா சூடு காட்டுனா பழைய பசை எளகும், நேரா இழுக்கணும், திருக்கக் கூடாது. திரும்ப ஒட்ட அரக்கா, எப்பொக்ஸியான்னு கேட்டா நான் அரக்குன்னுதான் சொல்லுவேன், காலங்காலமா ஃபெரூல் ஒட்டுனது அரக்கும் குங்கிலியமும் சேந்த பசையிலதான், திரும்ப சூடு காட்டுனா கழண்டு வந்துரும். மாத்தளை பக்கம் ஹப்புவிடவுல அரக்கு வேலை செய்யுறவங்க தலைமுறை தலைமுறையா இருக்காங்க, பத்தர் கிட்ட கெடைக்கலைன்னா அங்க நல்ல அரக்கு கெடைக்கும். எப்பொக்ஸி இன்னும் இறுக்கமா புடிக்கும், ஓயாம வீசி மீன் புடிக்கிற கம்புன்னா அதுக்கும் ஞாயம் இருக்கு, ஆனா அஞ்சு நிமிஷத்துல காயுறது வேணாம், மெதுவா காயுறது வாங்குங்க.

ரெண்டாவது ஆட்டம் ஆண் மூட்டு பெண் மூட்டுக்குள்ள லூசா இருக்குறது. இது தேய்மானம். குறட்டால நசுக்குறதுதான் எல்லாருக்கும் மொதல்ல தோணும், நசுக்குனா வட்டம் போயிரும், அதுக்கப்புறம் எதுவுமே சரியா ஒக்காராது. மெழுகு தேய்ச்சா அன்னிக்கு ஒரு நாளைக்கு நிக்கும். கொஞ்சமா தேஞ்சதுக்கு ஆண் பக்கம் மெல்லிசா முலாம் பூசி ஏத்தலாம், நகைக்கு முலாம் பூசுற எடத்துலயே கேக்கலாம். ரொம்ப போயிருந்தா லேத்துல புது ஜோடி, ஜெர்மன் சில்வர் (செம்பும் நிக்கலும் நாகமும் கலந்த வெள்ளை உலோகம்) கெடைச்சா அது, இல்லைன்னா பித்தளை, புதுசு போடுறப்ப மூங்கிலோட ஆறு மூலைய மட்டும் மழிக்கணும், முகத்த தொடக் கூடாது. பழைய ஜோடிய தூக்கி போட்றாதீங்க, பையிலயே போட்டு வைங்க. சேண்ட் பேப்பர் மட்டும் மூட்டு பக்கமே கொண்டு போகாதீங்க, அழுக்கா இருந்தா ஸ்பிரிட்டும் பஞ்சும் போதும்.

அடுத்தது ஒடிஞ்ச நுனி, எல்லாருக்கும் தலைவலி இதுதான். மொதல்ல பையத் திரும்ப தேடுங்க, அந்தக் காலத்து நல்ல கம்புக்கு ரெண்டு நுனித்துண்டு குடுத்திருப்பாங்க, தனியா ஒரு மூங்கில் குழாய்க்குள்ள இருக்கலாம். ரெண்டாவது இருந்தா ஒடிஞ்சத நிதானமா யோசிக்கலாம்.

இல்லைன்னா, எவ்வளவு போச்சுங்கிறதுதான் கணக்கு. ரெண்டு மூணு இஞ்சிதான் போயிருக்குன்னா ஒடிஞ்ச எடத்துலயே நேரா வெட்டி நுனி வளையத்த மாட்டிரலாம், அரை மணித்தியால வேலை. கம்பு கொஞ்சம் வெறைப்பா மாறும், லைன் ஒரு நம்பர் கனமா போட்டா சமாளிக்கலாம், திரும்ப நீட்டணும்னாலும் வழி மூடல. அதுக்கு மேல போயிருந்தா குட்டையாக்காதீங்க, கம்போட வளைவே போயிரும், வீசுறப்ப நடுவுல மட்டும் மடங்கும்.

ஒடிஞ்ச ரெண்டு துண்டும் கையில இருந்து, நார் நாரா கிழிஞ்ச மாதிரி ஒடிஞ்சிருந்தா அது நல்ல காலம், அந்த நார எல்லாம் வெட்டாம, ஒண்ணுக்குள்ள ஒண்ணு பழையபடி ஒக்கார வச்சு பசை போட்டு நூலால இறுக்கி கட்டி காய விட்டு, மேல பட்டு நூல் சுத்துனா அந்த எடம் பல வருஷம் நிக்கும். சுத்தமா முறிஞ்சிருந்தா சாய்வு வெட்டு ஒட்டுதான். நுனித்துண்டு மூணு மில்லிமீட்டர் பருமன்னா சாய்வு நாலு அஞ்சு சென்டிமீட்டர் நீளம் இருக்கணும், குட்டைச் சாய்வு போட்டா அங்கயே விட்டுரும். இதுல நீளம் கொறையும், அத சரிக்கட்ட நடுவுல ஒரு துண்டு வைக்கணும்னா ரெண்டு ஒட்டு வரும், வைக்கிற துண்டும் அதே பருமன்ல, அதே ஆறுமுகத்துல இருக்கணும். அதனாலதான் எந்த பழைய கம்பு ஒடிஞ்சாலும் துண்ட வீசாம வைங்கன்னு சொல்லுறேன், அந்த ஜப்பான் கம்பு கூட இதுக்கு ஒதவும்.

பேராதனை பூங்காவுல ஆத்தோரம் அவ்வளவு பெரிய மூங்கில் இருக்கு, நம்ம ஊர்ல மஞ்ச மூங்கில் இருக்கு, அதுல சீவி செய்ய முடியாதான்னு கேக்குறாங்க. செய்யலாம், கம்பு மாதிரி இருக்கும், வேலை அதே மாதிரி இருக்காது. ஸ்ப்ளிட் கேனுக்கு போடுறது டொங்கின் மூங்கில், சீனாவுல குவாங்டொங் மாகாணத்துல ஒரு சின்ன பகுதி மலையில வளருறது, நேரா இருக்கும், கணு பெருசா துருத்தாது, மேல் நார் ரொம்ப அடர்த்தி. ரெண்டையும் ஒண்ணா ஒட்டுனா ரெண்டும் வேற வேற மாதிரி வளைஞ்சு ஒட்டு எடத்துல சண்டை போடும். கார்பன் குச்சிய நுனியா மாட்டுறதும் அதே பிரச்சினைதான், மேல லேசு, கீழ கனம், கைக்கு எதுவும் ஒத்து வராது, அதோட கார்பன ஒக்கார வைக்க மூங்கில தொளைச்சிருவாங்க, அந்த ஓட்டைய திரும்ப அடைக்க முடியாது. நான் இதுக்கு சம்மதிக்கவே மாட்டேன்.

பட்டைங்க பசை விட்டு பிரிஞ்சிருந்தா எந்தப் பசைங்கிறதுதான் முடிவு. தோல் பசையே திரும்ப போடலாம், பழமைக்கு மரியாதைதான், ஆனா கண்டி, பதுளை மாதிரி எடத்துல பரவாயில்லாம இருக்கும், நுவரெலியா ஈரத்துல திரும்ப விடும். தச்சு வேலைக்கு போடுற வெள்ளைப் பசை வேணாம், வளைஞ்சு நிமிர்ற சாமானுல அது மெல்ல மெல்ல நகந்துரும். சூப்பர் குளூ மெல்லிசு வெடிப்புக்குள்ள நல்லா எறங்கும், அந்த ஒரு வசதிக்காக எல்லாரும் ஊத்துறாங்க, காஞ்சா நொறுங்கும், அதுக்கப்புறம் வேற பசையும் அங்க புடிக்காது. ஹாட்வெயார் கடையில விக்கிற மெதுவா காயுற அரல்டைட் மாதிரி எப்பொக்ஸிதான் இதுக்கு என் முடிவு, இடைவெளிய அடைக்கும், ஈரத்துக்கு அசையாது, கழட்டணும்னா சூட்டுல எளகும். குளிர்ல காயுறது ரொம்ப லேட்டாகும், நுவரெலியாவுல இருந்தா டப்பாவுல எழுதியிருக்குற நேரத்த நம்பாம பேக்டரி ட்ரையர் பக்கம் மாதிரி வெதுவெதுப்பான எடத்துல, நேரா வரிச்சுல கட்டி வைங்க.

வளைஞ்சு நிக்குற நுனிய நிமிக்க சூடு காட்டலாம், ஆவி காட்டவே கூடாது, தோல் பசைன்னா பாதியில பிரிஞ்சு கையில வரும். லேசான வளைவுன்னா அதுக்கு இன்னொரு நல்ல வழி இருக்கு, வளையங்கள கழட்டி எதிர் முகத்துல கட்டிருங்க, கம்பு இனிமே மத்த பக்கம் வளையுறதால கொஞ்சம் கொஞ்சமா சமன் ஆகும், செலவு நூல் மட்டும்தான்.

நூலுக்கு பட்டா பாலியஸ்டரான்னா, தெரியுற எடத்துக்கு பட்டு. வார்னிஷ் பட்டதும் பட்டு கண்ணாடி மாதிரி ஆயிரும், வெள்ளை மறைஞ்சே போயிரும், செவப்பு ஒயின் கலருக்கு எறங்கும், பழைய கலர் வேணும்னா ஒரு துண்டு குச்சியில சுத்தி வார்னிஷ் அடிச்சு பாத்துட்டு வாங்குங்க. வார்னிஷ்ல பாலியூரித்தேன் கெட்டி, ஆனா கழட்டுறது பெரும்பாடு, படகுக்கு அடிக்கிற ஸ்பார் வார்னிஷ் வளையும், உரிக்கலாம், அதனால அதுதான். மெல்லிசா ரெண்டு மூணு கோட், ஒவ்வொண்ணும் முழுசா காய விட்டு. எப்ப அடிக்கிறதுங்கிறதுக்கு தேயிலை குவாலிட்டி சீசன பாருங்க: ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் ஜனவரியில இருந்து மார்ச், பண்டாரவளை பதுளை ஊவா பக்கம் ஜூலையில இருந்து செப்டம்பர், கொழுந்துக்கு வாசம் குடுக்குற அந்த காஞ்ச காத்துதான் வார்னிஷுக்கும் வேணும். ஜூன் மழையில ஹட்டன்ல வார்னிஷ் அடிச்சா பால் மாதிரி வெளுத்துரும்.

ஆக மூட்டு, நூல், வார்னிஷ், பசை எல்லாம் இங்கயே, பேர் போன முழுக் கம்ப விக்கிறதுக்கு மட்டும் வெளிய. நுனி முழுசா தொலைஞ்சு போன கம்புக்கு நடு வழி இருக்கு, அடியும் நடுவும் இங்கயே வச்சிக்கிட்டு நுனித்துண்ட மட்டும் டொங்கின் மூங்கில்ல வெளிநாட்டுல செய்யச் சொல்லுறது. முழு ரெஸ்டோரேஷன விட செலவு நல்லா கொறையும், பார்சலும் ஒரு பக்கம்தான் வருது, பழைய கம்பு வீட்ட விட்டு போகாது. அதுக்கு அளவு சரியா அனுப்பணும்: நடுத்துண்ட அஞ்சு இஞ்சிக்கு ஒருக்கா வேர்னியர் அளவுகோல் வச்சு, மூணு ஜோடி முகத்தையும் தனித்தனியா அளந்து, வார்னிஷோட அளந்தீங்களா இல்லாமலா அளந்தீங்களான்னு எழுதி, நடுத்துண்டு மேல் மூட்டோட உள் விட்டம், ஆழம், துண்டோட நீளம், நூல் சுத்தோட கலர் ஃபோட்டோ எல்லாம் சேத்து அனுப்புங்க. மூட்டு அளவ அவங்க இஞ்சில 64ல ஒரு பங்கு கணக்குல கேப்பாங்க, மில்லிமீட்டர்லயும் சேத்து குடுங்க. முடிஞ்சா ஆண் மூட்டு இல்லாம வெறும் நுனித்துண்டா வாங்கி மூட்ட இங்க பிட்டர் கிட்ட உங்க பெண் மூட்டுக்கு ஒக்காருற மாதிரி கடைஞ்சுக்குங்க, ஏன்னா தேஞ்ச பழைய மூட்டுக்கு ஆயிரம் மைல் தூரத்துல இருந்து சரியா பொருந்துற மூட்டு யாராலயும் செஞ்சு அனுப்ப முடியாது.